எந்த வெளிச்சத்தில் பார்த்தது?

திருப்பூரில் ஒரு சாயத்தின் நிறத்தைக் கைபேசிப் படத்தை நம்பி யாரும் முடிவு செய்வதில்லை. வெளிநாட்டு பையர் கேட்ட நீலம் சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க, சாயப்பட்டறை முதலில் சின்னச் சின்னத் துணித் துண்டுகளுக்குச் சாயம் ஏற்றித் தரும். லேப் டிப் என்பார்கள். ஏ, பி, சி என்று ஒரே நீலத்தின் மூன்று சாயல்கள். மெர்ச்சண்டைசர் அவற்றை லைட் பாக்ஸ் என்ற சாம்பல் நிறப் பெட்டிக்குள் வைப்பார். ஒரு பொத்தானைத் தட்டினால் பகல் வெளிச்சம். அடுத்ததைத் தட்டினால் ஐரோப்பியக் கடைகளில் பல காலம் எரிந்த குழல்விளக்கு. இன்னொன்று குண்டு பல்பின் மஞ்சள். பகலில் அச்சு அசலாகப் பொருந்திய நீலம் மஞ்சள் விளக்கில் வேறு பக்கம் சாய்ந்துவிடும். மெட்டமெரிசம் என்று அதற்கொரு பெயர் உண்டு. பொருந்தாவிட்டால் மறுபடி சாயம், மறுபடி பெட்டி. பொருந்தினால் துண்டுகள் அட்டையில் ஒட்டப்பட்டு கூரியரில் கடல் தாண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் போதாதா என்று வேலைக்குப் புதிதாக வந்தவர் கேட்டால் மாஸ்டர் சிரிப்பார். இங்கே எடுக்கும் போன் ஒரு நீலத்தைக் காட்டும், அங்கே பார்க்கும் போன் இன்னொரு நீலத்தைக் காட்டும். நடுவில் இருக்கும் துணியின் நிறம் இரண்டிலும் இருக்காது.

ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரின் பிழைப்பு இந்தச் சந்தேகத்தின் மேல்தான் நிற்கிறது. கண்ணால் கண்டாலும், எந்த வெளிச்சத்தில் கண்டோம் என்று கேட்க வேண்டும். 2023 மார்ச் முதல் வாரத்தில் இதே ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு சில காணொளிகள் வட இந்தியா முழுக்கச் சுற்றியபோது, அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்பது செய்தி. சான்று, காணொளி. பிகார் சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்தது. ஊரிலிருந்து அம்மாக்களும் மனைவிகளும் போன் செய்து, உடனே கிளம்பி வா என்று அழுதார்கள். தமிழ்நாட்டின் அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு மார்ச் 2 அன்று விளக்கம் தந்தார். பரவிய இரண்டு காணொளிகளில் ஒன்று, திருப்பூரில் பிகார் தொழிலாளர்களுக்குள்ளேயே இரு தரப்பு மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவரிடையே நடந்த சண்டை. இரண்டும் பழையவை. வேறொரு காணொளியில் இருந்தது ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த ஒரு வழக்கறிஞரின் கொலை. கட்டுப்போட்ட காயங்களோடு இருவர் பேசிய இன்னொரு காணொளி பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்து எடுக்கப்பட்டது என்று பிகார் காவல்துறையே பிறகு விசாரித்துச் சொன்னது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரியில், தமிழ் போன்களில் வேறொரு காணொளி ஓடிக்கொண்டிருந்தது. திருப்பூரில் வட மாநிலத்தவர் கூட்டமாகச் சேர்ந்து தமிழர்களை விரட்டுகிறார்கள் என்பது அதன் தலைப்பு. கடையருகே எழுந்த ஒரு சில்லறைத் தகராறு அது. ஒரே ஊர். தமிழ்த் திரையில் பார்த்தவருக்கு வடக்கத்தியர் விரட்டினார்கள், இந்தித் திரையில் பார்த்தவருக்குத் தமிழர்கள் விரட்டினார்கள். இரண்டு விளக்கின் கீழ் ஒரே துணி.

இந்த இடத்தில் டீக்கடையில் வழக்கமாக எழும் தீர்ப்பு ஒன்றுண்டு: எல்லாம் இந்த போனால் வந்த கேடு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது, ஐந்தாறு பேர் தங்கும் அறையில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டிவி வந்தது, புத்தி கெட்டது என்பது அதன் சுருக்கம். பேச நன்றாக இருக்கிறது. ஆனால் போன் இல்லாத காலத்தில் மனிதர்கள் கண்டதையும் கேட்டதையும் சரியாகத்தான் அறிந்தார்களா? அப்படியானால் எது அறிவு, எது வெறும் தோற்றம் என்று தமிழ் நூல்கள் அத்தனை பாடல்களைச் செலவிட்டிருக்க வேண்டியதில்லை.

முதலில் மொழியையே பார்க்கலாம். தமிழில் பிறர் வாயால் வந்த செய்திக்கு ஓர் அடையாளம் உண்டு. வந்தான் என்றால் சொல்பவர் பார்த்தது. வந்தானாம் என்றால் யாரோ சொன்னது. அந்தச் சின்ன ‘ஆம்’, செய்தியின் சுமையைச் சொல்பவரின் தலையிலிருந்து இறக்கி வைத்துவிடுகிறது, கேட்பவரையும் உஷார்ப்படுத்துகிறது. கேள்விப்பட்டேன் என்ற சொல்லிலும் இதே நேர்மை இருக்கிறது. கேள்வி என்றால் காதால் கேட்டது, வினாவுக்கும் அதே சொல்தான். கேட்டதோடு சந்தேகமும் ஒட்டிக்கொண்டே வரும்.

காணொளி வந்ததும் அந்த விகுதி உதிர்ந்தது. ‘அடிச்சாங்களாம்’ என்று யாரும் சொல்லவில்லை, ‘அடிக்கிறாங்க, நானே பார்த்தேன்’ என்றார்கள். உண்மையில் அவர்கள் பார்த்தது என்ன? யாரோ எடுத்து, யாரோ வெட்டி, யாரோ தலைப்பு வைத்து, இன்னார் ஊர் என்று இன்னொருவர் எழுதி அனுப்பிய ஒன்று. படத்தில் ஒருவன் ஓடுவதைக் கண் பார்த்தது. அவன் பிகாரி, இது திருப்பூர், இது நேற்று என்பதெல்லாம் படத்தில் இல்லை, கீழே எழுதியிருந்தது. அவை பிறர் சொல். பிறர் சொல்லானது சொந்தக் கண்ணின் சட்டையைப் போட்டுக்கொண்டு நுழைந்துவிட்டது.

அறிவு வரும் வழிகளைத் தமிழர் அளவை என்று அழைத்தார்கள். நெல்லை மரக்காலால் அளப்பது போல, அறியப்படும் பொருளை அளக்கும் கருவி. மணிமேகலையின் 27ஆம் காதையில் கதாநாயகி ஆண் தவசியின் வேடத்தில் வஞ்சி மாநகருக்குள் போய், ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். வஞ்சி எது என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு, கரூர் என்பது ஒரு கட்சி. அப்படியானால் திருப்பூரின் நடுவே ஓடும் நொய்யல் காவிரியில் போய்ச் சேரும் பகுதிதான் அது. முதலில் பேசுகிற அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று போகும் பட்டியலில் ஐதிகம் என்று ஒன்று வருகிறது. அதற்கு அவன் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதைக் கொண்டு தெளிவது. ஃபார்வர்டு செய்தி என்ற ஒன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்க் காப்பியத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பேய் மரத்தோடு நிற்பதில்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தி வட தமிழகத்தில் பரவியிருந்தபோது, குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே காரை நிறுத்தியது. காரிலிருந்த வயதான பெண் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். ஐதிகம் ஒரு கிழவியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒருவருக்கு மட்டும் என்று இன்னும் இறுக்கியது. பத்து அளவைகளில் ஒன்றுக்கு மட்டும் வேகத்தடை போட்டார்கள் என்று அளவைவாதி சொல்லக்கூடும்.

அதே காதையில் அளவைகளைப் போலத் தோன்றி ஏமாற்றும் எட்டுக் குற்றங்களும் உண்டு. திருப்பூர்க் காணொளிகளை அந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் இடம் கச்சிதமாக அமைகிறது. ஜோத்பூர்க் கொலையைத் தமிழ்நாட்டுக் கொலை என்று கொண்டது திரியக்கோடல், ஒன்றை வேறொன்றாக எடுத்துக்கொள்வது. பாட்னா வாடகை வீட்டுக் காயங்கள் இல்வழக்கு, இல்லாததற்குச் சொல் மட்டும் இருப்பது. ஆராயாமல் முடிவுகட்டுவதற்குத் தேராது தெளிதல் என்று பெயர். பனியன் கம்பெனியின் செக்கிங் பகுதியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, அளவு பிசகியது என்று குற்றங்களை வகை பிரித்து ஒதுக்குவது போல, அந்தக் காலத்துத் தருக்கக்காரர்கள் தவறான அறிவை மேசை மேல் விரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது அளவையான கருதல் என்பது அனுமானம். புகையைக் கண்டால் நெருப்பு உண்டு என்று கொள்வது. அந்த மார்ச்சில் அதற்கும் ஒரு சோதனை வந்தது. திருப்பூர் ரயில் நிலையத்தில் வடக்கே போகும் ரயில்களுக்கு மூட்டை முடிச்சோடு கூட்டம். பயந்து ஓடுகிறார்கள் என்று ஒரு கட்சி. நாட்காட்டியைப் பார்த்தவர்கள், மார்ச் 8 ஹோலி, வருடா வருடம் போகிற கூட்டம்தான் என்றார்கள். பண்டிகைக்காகப் போனவர் இருந்தார், அம்மா அழுததால் போனவரும் இருந்தார், பண்டிகைக்கென்று டிக்கெட் எடுத்துப் பயத்தோடு ஏறியவரும் இருந்திருப்பார். நடைமேடையில் கேமரா தூக்கியவருக்குக் கூட்டம் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. புகை ஒன்றுதான், அடுப்பு இரண்டு.

மீதி இருப்பது உரை, அதாவது பிறர் சொல். 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவம் எழுதிய சிவஞான சித்தியார் நீண்ட அளவைப் பட்டியலைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றுக்குள் அடக்குகிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் சொல்லும் பௌத்தத் தருக்கமோ உரையையும் தனி அளவையாக ஏற்காமல், இரண்டே போதும் என்கிறது. கேட்கச் சுத்தமாக இருக்கிறது. அன்றாடத்தில் அது முடியாது. பிறந்த தேதியிலிருந்து மாத்திரையின் பெயர் வரை மனிதர்கள் பிறர் சொல்லித்தான் அறிகிறார்கள். எனவே யார் சொல்லை ஏற்கலாம் என்ற கேள்வியைத் தவிர்க்க வழியில்லை.

நியாய நூலார் இதற்குத் தந்த பதில் ஆப்தன். நம்பத்தக்கவன். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் அவனுக்கு வைத்த தகுதிகள் எளிமையானவை: பொருளை நேராக அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றுதான் என்றும் அவர் எழுதினார். குலமும் ஊரும் மொழியும் ஆப்தனை உண்டாக்குவதில்லை.

புது போன் வாங்கப் போகிறவர் செய்வது இந்த ஆப்தனைத் தேடும் வேலைதான். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிய கையோடு மொபைல் கடைக்குப் போகும் டெய்லர், கடைக்காரர் கைகாட்டும் மாடலை உடனே எடுப்பதில்லை. அதில் கடைக்குக் கமிஷன் அதிகமாக இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும். யூடியூப் விமர்சகர் நேராக அறிந்தவர்தான், ஆனால் கம்பெனி இலவசமாகக் கொடுத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். இணையக் கடையின் ஐந்து நட்சத்திரங்களை எழுதியவர் யாரென்றே தெரியாது. கடைசியில் அவர் கேட்பது பக்கத்து மெஷினில் அதே போனை ஓராண்டாக வைத்திருக்கும் ஆளிடம்: சார்ஜ் நிற்குதா, சூடாகுதா? வாத்ஸ்யாயனரின் இரண்டு தகுதிகளும் அந்த ஆளிடம் இருக்கின்றன. அரசும் இதே கவலையில்தான் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தர வரையறையைக் கொண்டுவந்தது. காசு வாங்கிக்கொண்டு எழுதும் விமர்சனங்களை வெளியிடக் கூடாது, எழுதுபவர் யார் என்று சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. எட்டாயிரம் ரூபாய் போனுக்கு இத்தனை விசாரணை. அந்த போனில் வரும் கொலைக்கு ஒன்றும் இல்லை.

2023 மார்ச்சில் திருப்பூரைப் பற்றி ஆப்தர்கள் இல்லாமல் போகவில்லை. ஊர் நிறைய இருந்தார்கள். பாண்டியன் நகரிலும் பெருமாநல்லூர்ச் சாலையிலும் ஓவர்லாக் மெஷின் முன்னாலும் அயர்ன் மேசை முன்னாலும் நின்றுகொண்டிருந்த பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்களைவிடத் திருப்பூரில் என்ன நடக்கிறது என்பதை நேராக அறிந்தவர் யார்? அம்மாவிடம் பொய் சொல்ல அவர்களுக்கு என்ன காரணம்? ஆனாலும் நான் நன்றாக இருக்கிறேன் என்று மகன் சொன்ன சொல்லைவிட, முகம் தெரியாதவர் அனுப்பிய முப்பது விநாடிக் காணொளி கனமாக இருந்தது. அவன் பயத்தை மறைக்கிறான் என்று தாய்க்குத் தோன்றியது. அன்பு அப்படித்தான் கேட்கும்.

திருப்பூரை ஒட்டிய திருமுருகன்பூண்டியில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சேரமான் பெருமாளிடம் பொன்னும் பொருளும் பெற்றுத் திரும்பிய சுந்தரரை இங்கே வேடர்கள் மறித்துக் கொள்ளையடித்தார்கள். கொங்கில் பாடல் பெற்ற ஏழு தலங்களில் ஒன்றான இந்தக் கோயிலில் அவர் பாடிய பதிகம் இறைவனைப் போற்றவில்லை, கோபிக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் நீ ஏன் இருக்கிறாய் என்பது அதன் தொனி. கொள்ளையர் உடுத்திய துணியையும் பறித்துக்கொள்கிறார்கள் என்று அதில் வருகிறது. அவர்கள் யார் என்பதையும் பாடல் சொல்கிறது: வடுகர். வடக்கேயிருந்து வந்தவர்கள்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும்போது கதை திரும்புகிறது. அந்த வேடர்கள் சிவனின் பூதகணங்கள். தான் கொடுக்க வேண்டியதைச் சேரன் கொடுத்துவிட்டானே என்று, இறைவனே பறித்து வரச் சொன்ன பொருள் அது. பறிபோனது உண்மை. பார்த்தவர் சுந்தரர், யாரோ எழுதி அனுப்பிய செய்தி அல்ல, தன் கண் முன்னே நடந்தது. அப்படியும் பறித்தவர் யார் என்பதில் அந்தக் கண் பிசகியது. புராணத்தை நம்பாதவரும் இந்த அமைப்பைக் கவனிக்கலாம். தம்பிரான் தோழரான சுந்தரரே கொள்ளையரைப் பார்த்ததும் எந்தத் திசையிலிருந்து வந்தவர்கள் என்று முதலில் முடிவு செய்துவிடுகிறார்.

ஏன் அந்த முடிவு அத்தனை விரைவாக வருகிறது என்பதற்குச் சைவ சித்தாந்தம் ஆணவத்தைக் காரணமாகச் சொல்லும். அகந்தை என்ற சாதாரணப் பொருளில் அல்ல, உயிரின் அறிவை மறைத்து நிற்கும் இருளாக. 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவம் திருவருட்பயனில் இதைக் கண் முன்னால் தெரியும் இருட்டோடு ஒப்பிட்டு ஒரு வேறுபாடு காட்டுகிறார். சாதாரண இருட்டு பொருள்களை மறைக்கும், ஆனால் தன்னைக் காட்டும். விளக்கு அணைந்த அறையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் தெரியவில்லை என்பது மட்டும் தெரியும், கையை நீட்டித் தடவியபடி நடப்பார். ஆணவ இருளோ பொருளையும் காட்டாது, தான் இருட்டு என்பதையும் காட்டாது. அதற்குள் இருப்பவர் வெளிச்சத்தில் நடப்பதாக எண்ணி வேகமாகவே நடப்பார்.

கைபேசித் திரை பளிச்சென்று எரிகிறது. அதில் ஒருவர் பார்ப்பவை, அவர் நேற்று நின்று பார்த்தவற்றைக் கணக்கில் வைத்து நிரல் எடுத்துக் கொடுப்பவை. வடக்கத்தியரைப் பற்றிய கோபக் காணொளியில் பத்து விநாடி கூடுதலாக நின்றவருக்கு அடுத்து அதே சரக்கு இன்னும் ஒன்று வரும். ஊரெல்லாம் இதைத்தான் பேசுகிறது என்று அவருக்குத் தோன்றும். இந்தித் திரை வைத்திருப்பவருக்கும் அவ்வாறே. ஒரே லைன் வீட்டில் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

வெளிச்சம் ஏமாற்றுகிறது என்றால் விளக்கை அணைத்துவிடலாமே என்பது அரசுகளுக்கு அடிக்கடி தோன்றும் யோசனை. தூத்துக்குடியில் நடந்த 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அந்த மாவட்டத்திலும் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை, காலவரையின்றி நிறுத்துவது செல்லாது, நிறுத்தினால் உத்தரவை வெளியிட வேண்டும் என்றது. 2023இல் திருப்பூரில் விளக்கை அணைக்கும் வழியில் அரசு போகவில்லை. அதிகாரிகள் இந்தியில் பேசிக் காணொளிகள் வெளியிட்டார்கள், உதவி எண்களை அறிவித்தார்கள், பனியன் கம்பெனிகளுக்குள்ளேயே போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். பிகார் அரசு தன் அதிகாரி டி. பாலமுருகன் தலைமையில் அனுப்பிய நால்வர் குழு திருப்பூருக்கு நேரில் வந்து தொழிலாளர்களைச் சந்தித்துவிட்டு, நிலைமை திருப்தியாக இருக்கிறது என்று ஊடகங்களிடம் சொன்னது.

லேப் டிப் கூரியரில் போவது போல, இங்கே கண்களே பாட்னாவிலிருந்து கிளம்பி வந்தன. வந்தவர்கள் அங்கிருந்தவர்களுக்குச் சொன்னதும் உரைதான், காட்சி அல்ல. ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்தவரின் உரை. அன்று இணையத்தை அணைத்திருந்தால் முதலில் அடங்கிப்போவது மரத்துப் பேயா, அம்மாவிடம் பேசும் மகனா என்பதையும் யோசிக்க வேண்டும். பேய்க்கு டேட்டா தேவையில்லை. அது ரயில் பெட்டியிலும் பேச்சாகவே போய்ச் சேரும். வீடியோ காலில் முகத்தைக் காட்டத்தான் டேட்டா வேண்டும்.

ஹோலி முடிந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள், மெஷின்கள் ஓடின. ஞாயிற்றுக்கிழமைகளில் காதர்பேட்டைக் கடைகளிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் இப்போதும் கூட்டம் நெரிகிறது. கையில் துணிப்பையோடு, போனை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தபடி நடக்கும் இளைஞர்களை அங்கே பார்க்கலாம். சிலர் போனைத் திருப்பி, கடை வரிசையையும் பஸ்ஸையும் மூன்று மொழியில் ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையையும் காட்டுகிறார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போனைத் திருப்பு, உன் முகத்தைக் காட்டு என்கிறார்கள். அதன் பிறகுதான், சாப்பிட்டாயா என்ற கேள்வி வருகிறது.